இரண்டாம் தொடர்பு எண்

ஜூன் 11, புதன்

முழங்கால் இன்று பரவாயில்லை. மூன்று மாடியும் நிற்காமல் ஏறினேன். மருமகளுக்கு இந்த வாரம் ஆஸ்பத்திரியில் காலை ஷிப்ட். வீட்டில் நானும் பேத்தியும்தான். காலேஜில் இரண்டு வருஷம் முடித்துவிட்டாள், எனக்கு இன்னும் குட்டிதான்.

சாயங்காலம் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கே வந்துவிட்டாள்.

"பாட்டி, ஒரு புதுப் பாடம் எடுக்கப்போறேன். நிலத்தடி நீர்."

"கிணறு தோண்டுற படிப்பா?"

"தோண்டுறதுக்கு முன்னாடி தண்ணி எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கிற படிப்பு."

"குழாயில தண்ணி எப்ப வரும்னு கண்டுபிடிக்கிற படிப்பு இருந்தா முதல்ல அதுல சேரு."

சிரித்தாள். பிறகு பொறுமையாக விளக்கினாள். அவள் காலேஜில் இதைச் சொல்லித்தர ஆள் இல்லை. வேறு ஊரில் ஒரு பல்கலைக்கழகத்தில் இருக்கிறார்கள். மூன்று பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டிருக்கின்றனவாம். ஒன்றில் நடக்கிற பாடத்தை மற்ற இரண்டில் படிக்கிற பிள்ளைகளும் எடுத்துக்கொள்ளலாம். வாத்தியார் அங்கே நடத்துவார், இவள் வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் கேட்பாள். பரீட்சை உண்டு. அந்த மார்க் இங்கே இவள் பட்டத்தோடு சேரும்.

"தொலைநிலைக் கல்வின்னு பேரு பாட்டி."

"அதாவது தபால் படிப்பு."

"ஐயோ, தபாலே கிடையாது!"

எனக்குத் தெரியாதா? இவள் அப்பன் சேர்ந்தானே, முப்பது வருஷத்துக்கு முன்னால். பழுப்புக் காகிதம் சுற்றிய புத்தகக் கட்டு வந்தது. அவன் பிரிக்கவே இல்லை. கடைசியில் ஆடுகிற கட்டில் காலுக்கு முட்டுக் கொடுத்தோம். பையன் பட்டம் படிக்கிறான் என்று நான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். கொஞ்ச நாள் கேட்டார்கள். அப்புறம் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். அதுதான் இன்னும் மோசம். இப்போது வெளிநாட்டில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறான், நன்றாகத்தான் இருக்கிறான். ஆனாலும்.

இவள் அப்படி இல்லை. தினமும் பையை மாட்டிக்கொண்டு, பஸ் ஏறி, கட்டடத்துக்குள் போய்ப் படிக்கிறவள். எங்கள் வம்சத்தில் முதல் ஆள்.

ஜூன் 14, சனி

விண்ணப்பம் நிரப்பினோம். நிரப்பினோம் என்று எழுதலாம், பக்கத்தில்தானே இருந்தேன். துறைத் தலைவர் கையெழுத்து வாங்கியாயிற்று. காலேஜ் ஆபீசில் கண்ணாடிக்காரர் என்று ஓர் எழுத்தர் இருக்கிறாராம். 'எங்கள் மாணவி அங்கே படிக்க ஆட்சேபம் இல்லை' என்று கடிதம் போடுவது அவர் வேலை. போன வருஷம் எவளோ ஒருத்தியின் காகிதத்தைத் தொலைத்துவிட்டாராம். குட்டிக்கு அவர் மேல் நம்பிக்கை இல்லை.

கடைசிப் பக்கத்தில் இரண்டாம் தொடர்பு எண் கேட்டிருந்தது. இவள் கிடைக்காவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்று. மருமகள் வார்டில் போனைத் தொடக்கூடாது. மகன் விழித்திருக்கும்போது நாம் தூங்குகிறோம்.

"உன் நம்பர் போடவா பாட்டி?"

"போடேன். எனக்கு அதுல என்ன உத்தியோகம்?"

"ஒண்ணும் இல்ல. யாராவது கூப்பிட்டா பேரையும் நம்பரையும் எழுதி வை. நீயா எதுவும் பேசிடாத."

நீயா எதுவும் பேசிடாத. இருபத்தெட்டு வருஷம் யூனிபார்ம் தைக்கிற கம்பெனியில் செக்கராக இருந்தவள் நான். நாற்பது மெஷின் தைத்துத் தள்ளுகிறதை ஒரு பார்வை பார்த்து, இது தேறும், இது தேறாது என்று தூக்கிப் போட்டவள். சூப்பர்வைசரே என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார். எனக்குப் பேசத் தெரியாதாம்.

ஜூன் 17, செவ்வாய்

மழை. துணி காயவில்லை.

ஜூன் 20, வெள்ளி

இடம் கிடைத்துவிட்டது! பல்கலைக்கழகத்துக்கு நாலு பேர், மொத்தம் பன்னிரண்டு. எங்கள் பக்கத்து நாலில் இவள் முதல். என்னைப் பிடித்து ஒரு சுற்று சுற்றிவிட்டாள், முழங்கால் போயிருக்கும்.

இப்போதுதான் முழுசாகச் சொன்னாள். இந்தப் பாடத்தை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறைதான் நடத்துகிறார்கள். அடுத்த தடவை வரும்போது இவள் பட்டம் முடித்துப் போயிருப்பாள். மேற்படிப்புக்கு அந்தப் பல்கலைக்கழகத்தில்தான் சேர ஆசை. அங்கே நீரியல் துறையில் இந்தப் பாடம் தேறினவர்களை மட்டும்தான் எடுப்பார்கள். நடுவில் ஒரு வாரம் நேரில் வரச் சொல்லி, காட்டுக்கும் மேட்டுக்கும் கூட்டிப்போய்க் கருவியெல்லாம் பிடிக்கக் கற்றுக்கொடுப்பார்களாம்.

"இது இல்லேன்னா அது இல்ல பாட்டி. புரியுதா?"

புரிகிறது என்று தலையாட்டினேன். தலைதான் ஆடியது.

ஜூன் 23, திங்கள்



மாடிப்படியில் மருந்துக்கடைக்காரர் மனைவி. கீழ் வீட்டுக்காரி. அவள் பெண் இந்த வருஷம்தான் காலேஜ் சேர்ந்திருக்கிறாள், அந்தத் தோரணை.

"என்னம்மா, உங்க பேத்திக்கு காலேஜ் ஒத்துக்கலையா? ஏதோ தபால்ல படிக்கப் போறாளாமே. என் பொண்ணு சொன்னா."

"யாரு சொன்னது தபால்னு?"

"இல்ல, வீட்ல இருந்தே படிக்கிறதாம்ல. நல்லதுதான். இந்தக் காலத்துல பொம்பளப் பிள்ளைங்க வெளிய அலையாம இருக்கிறதும் நல்லதுதானே. உங்க பையன்கூட அப்படித்தானே படிச்சாரு?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். மேலே வந்து கதவைச் சாத்திக்கொண்டு அப்படியே நின்றேன். உங்க பையன்கூட. முப்பது வருஷம் ஆகியும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள், பார்.

குட்டியிடம் சொல்லவில்லை. நாளைக்கு அவளுக்கு செய்முறைத் தேர்வு.

ஜூன் 24, செவ்வாய்

இன்று ஒரு காரியம் செய்தேன். சரியா தப்பா என்று பிறகு பார்க்கலாம், நடந்ததை எழுதி வைக்கிறேன்.

மத்தியானம் போன் வந்தது. ஒரு பெண்குரல். அந்தப் பல்கலைக்கழகத்தின் ஒருங்கிணைப்பாளராம். மரியாதையாகத்தான் பேசினாள்.

"மாணவியோட போன் கிடைக்கலைங்கம்மா. பாடத்துல சேர்றதை இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள உறுதி பண்ணணும். நிறைய பேர் இடத்தைப் பிடிச்சு வச்சுக்கிட்டு வராம போயிடறாங்க, அதனால ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டுக் கேக்கறோம். நீங்க சொன்னாலும் போதும், பதிஞ்சுக்கறேன்."

குட்டியின் போன் தேர்வு அறை வாசலில் வாங்கி வைத்திருப்பார்கள். அது எனக்குத் தெரியும். பேரையும் நம்பரையும் எழுதி வைக்க வேண்டும். அதுவும் தெரியும். பேனா கையில்தான் இருந்தது.

"தொலைநிலைப் பாடத்துல சேர சம்மதம்தானேம்மா?" என்று கேட்டாள்.

அந்த வார்த்தை. உடனே படிக்கட்டில் நின்ற அந்தச் சிரிப்பு.

"இங்க பாரும்மா, எங்க பேத்தி நேர்ல போய்ப் படிக்கிறவ. ரெகுலர் காலேஜ். வீட்டுல உக்காந்து படிக்கணும்னு அவ தலையில எழுதல" என்றேன்.

"அப்ப விருப்பம் இல்லையா?"

"இல்ல."

"பேரை எடுத்துடட்டுமா?"

"எடுத்துடு."

"நீங்க அவங்களுக்கு—"

"பாட்டி. இந்த வீட்ல என்னைக் கேக்காம எதுவும் நடக்காது."

நன்றி சொல்லி வைத்துவிட்டாள். அவ்வளவுதான். ஒரு டீ ஆறுகிற நேரம்கூட இல்லை. தைரியமாகப் பேசினேன், ஒரு வார்த்தை தடுமாறவில்லை.

குட்டி ஐந்தரைக்கு வந்தாள். தேர்வை நன்றாகச் செய்திருக்கிறாள். பசி என்றாள். போன் வந்ததைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம். நல்லபடியாக எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வாள். இங்கே இருக்கிற பாடத்தையே ஒழுங்காகப் படித்தால் போதாதா?

ஜூன் 25, புதன்

சொல்லவில்லை.

ஜூன் 26, வியாழன்

காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். 'தங்கள் இடம் விடுவிக்கப்பட்டது' என்று இரண்டே வரியில் வந்திருக்கிறது. காரணம் போடவில்லை.

"விடுவிச்சாங்களா? நான் என்ன ஜெயில்லயா இருந்தேன்?" என்று சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

அப்போதே சொல்லியிருக்கலாம். அவள் தோளுக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். வாயைத் திறந்தேன், அதற்குள் அவளே சொல்லிவிட்டாள்: "கண்ணாடிக்காரர்! கடிதம் அனுப்பியிருக்க மாட்டார். எனக்கு அப்பவே தெரியும்."

திறந்த வாய் மூடிக்கொண்டது. சாப்பிடாமல் ஓடினாள்.

சாயங்காலம் முகம் வீங்கி வந்தாள். கடிதம் அனுப்பிவிட்டேன் என்கிறாராம் அவர். நகல் எங்கே என்று கேட்டால் தேடித் தருகிறேன் என்கிறாராம். அங்கே போன் போட்டால் ஒருங்கிணைப்பாளர் திங்கட்கிழமை வரை விடுப்பு.

"தேடித் தர்றாராம் பாட்டி. என் படிப்பு அவர் மேஜைக்கு அடியில கிடக்குது, அவர் தேடித் தர்றாராம்."

ஜூன் 27, வெள்ளி

காலேஜ் முதல்வருக்குப் புகார் எழுதினாள். கண்ணாடிக்காரர் மேல். எழுதி முடித்து எனக்குப் படித்துக் காட்டினாள்.

"மரியாதையா இருக்கா பாரு பாட்டி. நீ சொன்னா சரியா இருக்கும்."

அஞ்சாம் கிளாஸ் படித்தவளிடம் கேட்கிறாள். எப்போதும் கேட்பாள், நான் பெருமையாகக் கேட்டுத் திருத்தம் சொல்லுவேன். 'அலட்சியம்' என்று இருந்தது. 'என் எதிர்காலத்தைப் பாழாக்கிய' என்று இருந்தது.

"நல்லா எழுதியிருக்கே" என்றேன்.

பாழாக்கியது நான்தான். இந்த வாயால்தான்.

ஜூன் 29, ஞாயிறு

மருமகள் குளிக்கப் போனதும் ஒருங்கிணைப்பாளர் கூப்பிட்ட அந்த எண்ணுக்குப் போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை என்று தெரிந்தும் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

ஜூன் 30, திங்கள்

எடுத்தாள். அதே குரல். நான் யார் என்று சொன்னதும் அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது.

"அம்மா, நீங்கதானே வேண்டாம்னு சொன்னீங்க?"

"ஆமா. தப்பா சொல்லிட்டேன். அவளுக்கு வேணும். அவளுக்கு ரொம்ப வேணும்."

காத்திருப்புப் பட்டியலில் முதலில் இருந்த பெண்ணை அன்றைக்கே கூப்பிட்டாளாம். பத்து நிமிஷத்தில் உறுதி சொல்லிவிட்டாளாம் அந்தப் பெண். அழுதாளாம் சந்தோஷத்தில்.

"பதிமூணாவதா ஒண்ணு போட்டுக்க முடியாதா? இவ ஓரமா உக்காந்துக்குவா."

"கருவி பன்னிரண்டுதாம்மா இருக்கு. மூணு பல்கலைக்கழகமும் கையெழுத்துப் போட்டு முடிச்சாச்சு. இனிமே என் கையில இல்ல."

கடிதம் வந்ததா என்று கேட்டேன். எந்தக் கடிதம் என்றாள். காலேஜ் ஆபீஸ் கடிதம். "அது பதினாறாம் தேதியே வந்துடுச்சே. உங்க ஊர் ஆபீஸ்தான் எப்பவும் முதல்ல அனுப்பும்."

பதினாறாம் தேதியே.

குட்டி வந்து சொன்னாள்: நாளை காலை பதினொரு மணிக்கு முதல்வர் விசாரிக்கிறார். கண்ணாடிக்காரரைக் கூப்பிட்டிருக்கிறார். போன வருஷத்துத் தப்புக்கு ஏற்கெனவே எழுத்தில் எச்சரித்திருக்கிறார்களாம். இதுவும் சேர்ந்தால் வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள். "நல்லா வேணும்" என்றாள். என் குட்டி அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. நான்தான் பேச வைத்தேன்.

ஜூலை 1, செவ்வாய்

போனேன்.

இரண்டு வருஷமாக அந்தக் காலேஜைப் பற்றி எல்லோரிடமும் பேசியிருக்கிறேன், உள்ளே போனது இன்றுதான். நீளமான வராந்தா. சுவரில் ஆணி அடித்த இடமெல்லாம் பழைய அறிவிப்பு. முதல்வர் அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு, அதில் ஒரு மனிதர் மடியில் கோப்பு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூக்குக் கண்ணாடியின் ஒரு கால் நூல் சுற்றிக் கட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்துகொண்டார்.

"உக்காருங்கம்மா. யாரைப் பாக்கணும்?"

"உங்களைத்தான்."

உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். போன் வந்தது, நான் வேண்டாம் என்றது, எல்லாம். அவர் கோப்பைத் திறந்து காட்டினார். கடிதத்தின் நகல். கிடைத்துவிட்டிருக்கிறது. பதினாறாம் தேதி, முத்திரை, எல்லாம் சரியாக இருந்தது.

"நாலு நாளா தூங்கலம்மா நான்" என்றார். "ஒருவேளை நிஜமாவே நான்தான் மறந்துட்டேனோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. ஒரு தடவை தப்பு பண்ணினவனுக்கு அப்படித்தான் ஆகும்." கோப்பை மூடிவிட்டு, "இதை உள்ள வந்து சொல்லுவீங்களா?" என்று கேட்டார். கெஞ்சவும் இல்லை, அதட்டவும் இல்லை.

உள்ளே குட்டி முதல்வருக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து, "பாட்டி? முழங்கால் வலியோட எதுக்கு வந்தே?" என்றாள். தனக்கு ஆதரவாக வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பாள்.

சொன்னேன். முதல்வரைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது. முதல்வர் ஒரு பெண், என்னைவிடச் சின்னவள். எழுத்தில் தர முடியுமா என்று கேட்டாள். காகிதம் கொடுத்தார்கள். நாலு வரி. 'போனில் வேண்டாம் என்று சொன்னது நான். பேத்திக்குத் தெரியாது. ஆபீஸ் மேல் குற்றம் இல்லை.' கையெழுத்து.

குட்டி எழுந்து கண்ணாடிக்காரர் முன்னால் போய் நின்றாள். "மன்னிச்சுடுங்க சார்" என்றாள். அவர் "பரவாயில்லம்மா, பரவாயில்ல" என்றார். என் பாவத்துக்கு அவள் மன்னிப்புக் கேட்டாள்.

பஸ்ஸில் என் பக்கத்தில் இடம் இருந்தது. இரண்டு சீட் முன்னால் போய் உட்கார்ந்தாள். இறங்கும்போது மட்டும் படியில் கை கொடுத்தாள். கொடுத்துவிட்டு உடனே எடுத்துக்கொண்டாள்.

ஜூலை 2, புதன்

பேசவில்லை.

ஜூலை 3, வியாழன்

பேசவில்லை. "டீ?" என்றேன். தலையசைத்தாள். வேண்டுமா வேண்டாமா என்று தெரியவில்லை. போட்டு வைத்தேன், ஆறிப்போனது.

ஜூலை 4, வெள்ளி

மருமகள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை. துணி மடித்துக்கொண்டே சொன்னாள்:

"அத்தை, நீங்க அவளுக்கு ஒரு நாளும் கெட்டது நினைச்சதில்ல. அதனாலதான் என்னால திட்டக்கூட முடியல. வேற யாராவது பண்ணியிருந்தா நான் பேசுற பேச்சே வேற."

பிறகு, "அவ அப்பாகிட்ட நானே சொல்லிக்கிறேன்" என்றாள்.

மகன் போன் செய்தான். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. வைக்கும்போது மட்டும், "அம்மா, அந்தப் புஸ்தகத்தை நான் பிரிக்காததுக்குத் தபால் காரணம் இல்லம்மா. நான்தான் காரணம்" என்றான். இதை முப்பது வருஷம் முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா? நான்தான் கேட்டேனா?

ஜூலை 6, ஞாயிறு

அவளே வந்தாள். நான் கட்டிலில் இருந்தேன், அவள் கதவில் சாய்ந்துகொண்டு.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நான் வீட்ல இருந்து படிச்சா உனக்கு என்ன குறைஞ்சுடும்?"

"உனக்காகத்தான் கண்ணு—"

"எனக்காக இல்ல. கீழ் வீட்டு ஆன்ட்டிக்காக."

மருந்துக்கடைக்காரி சொன்னது அவளுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. அந்தப் பெண்ணும் இவளும் ஒரே பஸ்தானே.

"அவங்க ஒரு வாரத்துல மறந்துடுவாங்க பாட்டி. நான்?"

அன்றைக்குப் போனில் ஒருங்கிணைப்பாளரிடம் எவ்வளவு பேசினேன்! ஒரு வார்த்தை தடுமாறவில்லை என்று இங்கே எழுதிக்கூட வைத்திருக்கிறேன். அந்தப் பக்கத்தைக் கிழிக்கலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

கம்பெனியில் ஒரு நாள், நல்ல சட்டை ஒன்றைத் தேறாது என்று தூக்கிப் போட்டுவிட்டேன். தைத்த பெண் எடுத்து வந்து காட்டினாள், தையல் நேராகத்தான் இருந்தது. என் கண்தான் அன்றைக்குச் சரியில்லை. அவளிடம் நான் ஒப்புக்கொள்ளவில்லை. செக்கர் சொன்னால் சொன்னதுதான் என்றேன். அவள் பேர்கூட மறந்துவிட்டது. முகம் இன்றைக்கு வந்து நிற்கிறது.

ஜூலை 11, வெள்ளி

பாடம் கேட்க மட்டும் அனுமதி வந்திருக்கிறது. சேர்க்கை இல்லை, பரீட்சை இல்லை, சான்றிதழ் இல்லை, கிரெடிட் இல்லை. வெறுமனே கேட்கலாம்.

அனுமதி கேட்டு எழுதியது யார் தெரியுமா? கண்ணாடிக்காரர். முதல்வரிடம் கையெழுத்து வாங்கி, அவரே அனுப்பி, அவரே இரண்டு தரம் போன் போட்டுக் கேட்டிருக்கிறார். அவர் செய்யவேண்டிய வேலையே இல்லை அது.

மேற்படிப்புக்கு இது செல்லுமா என்று மருமகளைக் கேட்டேன். செல்லாது அத்தை என்றாள்.

ஜூலை 15, செவ்வாய்

முதல் வகுப்பு. கதவைச் சாத்திக்கொண்டாள். குக்கர் விசில் கேட்கக் கூடாதென்று அடுப்பை அணைத்துவிட்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு வாத்தியார் குரல் கதவு வழியாகக் கேட்டது. வருகை எடுத்தார். பேர் பேராகக் கூப்பிட்டார், ஒவ்வொரு பிள்ளையும் வேறு வேறு ஊரிலிருந்து "சார்" என்றது.

இவள் பேரைக் கூப்பிடவில்லை. கூப்பிட மாட்டார்கள், பட்டியலில் இல்லை.

ஜூலை 25, வெள்ளி

இன்று வகுப்பு முடிந்து வெளியே வந்தவள் தானாகவே சொன்னாள்: பாறைக்கு அடியில்கூடத் தண்ணீர் நகருமாம், வருஷத்துக்குச் சில அடிதானாம். என்னிடம் சொன்னாளா, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாளா தெரியவில்லை. நான் "அப்படியா" என்றேன். இன்னும் இரண்டு வார்த்தை சொல்வாள் என்று நின்றேன். தண்ணீர் குடித்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஆகஸ்ட் 9, சனி

மருந்துக்கடைக்காரி படியில் பிடித்துக்கொண்டாள். "பேத்தி இப்ப என்னதான் படிக்கிறா? ரெகுலரா, வீட்லயா?"

"அவளைக் கேளு" என்றேன்.

"ஏன், உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். அவ படிப்பை அவகிட்ட கேளுன்னு சொல்றேன்."

அவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. எனக்கு மேலே ஏறும்போது சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. இதை ஜூன் மாசம் சொல்லியிருக்க வேண்டும்.

செப்டம்பர் 18, வியாழன்

மேற்படிப்புக்கு வேறு இரண்டு இடம் பார்த்து வைத்திருக்கிறாள். நீரியல் இல்லை. ஒன்று வரைபடம் தயாரிக்கிற படிப்பு, இன்னொன்று என்னவோ. நல்ல இடம்தான் என்கிறாள். நல்ல இடம்தான் என்று இரண்டு தரம் சொன்னாள்.

அக்டோபர் 13, திங்கள்

இன்று அவர்கள் நேரில் கூடுகிற வாரம் தொடங்குகிறது. சேர்ந்தவர்களுக்கு மட்டும். இவள் எப்போதும்போலப் பையை மாட்டிக்கொண்டு காலேஜுக்குப் போனாள். சன்னல் வழியாகப் பார்த்தேன். பஸ் வரும்வரை போனைப் பார்த்துக்கொண்டே நின்றாள், பஸ் வந்ததைக் கவனிக்கவில்லை. அது போன பிறகு அடுத்ததற்கு நின்றாள்.

அக்டோபர் 17, வெள்ளி

சாயங்காலம் என் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். ஜூலைக்குப் பிறகு இன்றுதான். போனை நீட்டினாள்.

"இதான் பாட்டி அந்தப் பொண்ணு."

எந்தப் பெண் என்று கேட்கத் தோன்றவில்லை. செம்மண் மேட்டில் பிள்ளைகள் வரிசையாக நிற்கிற படம். ஓரத்தில் ஒல்லியாக ஒருத்தி, தலையில் துண்டு, இரண்டு கையாலும் ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருக்கிறாள். எங்கேயோ பத்து நிமிஷத்தில் சம்மதம் சொல்லி அழுத பெண்.

"கடைசியா சேர்ந்தவ இவதான்னு கிளாஸ்லயே சொன்னா. நல்லா படிக்கிறா. ஒவ்வொரு நாளும் பாத்ததை எழுதி எனக்கு அனுப்புறா. அவங்க வீட்ல கம்ப்யூட்டர் இல்ல, போன்லயே தான் எல்லாம்."

"அவளுக்குத் தெரியுமா, நீ..."

"இல்ல. எதுக்குச் சொல்லணும்?"

கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தேன். வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை எண்ணினேன், விரலை வைத்து. பதினொன்று. மறுபடி எண்ணினேன். பதினொன்றுதான். அப்படியென்றால் ஓர் இடம்—

"பன்னிரண்டாவது ஆள் போட்டோ எடுக்கிறான் பாட்டி" என்றாள் குட்டி. நான் ஒன்றும் கேட்கவில்லை.

போனைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் உடனே எழுந்து போகவில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்து அந்தப் பெண் அனுப்பியதைப் படித்துக்கொண்டிருந்தாள்.